சக்கரம் மாறாது: பழைய ஸ்டீல் சைக்கிள்களில் பிரேம் அளவும் கோணமும்

கோயம்புத்தூரிலிருந்து தடாகம் சாலையில் கணுவாயைக் கடந்து போனால் மாங்கரை வரும். அதற்கு மேல் காடு. ஏற்றமும் வளைவுமாகப் போகும் அந்தச் சாலை ஆனைகட்டியில் மாநில எல்லையைத் தொடுகிறது. இந்தப் பக்கம் தமிழ்நாடு, கொஞ்ச தூரம் நடந்தால் பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடி. அங்கே ஒரு டீக்கடைச் சுவரில் இரண்டு கறுப்பு சைக்கிள்கள் பக்கம்பக்கமாகச் சாய்ந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் இந்தக் கட்டுரைக்கான கேள்வி எனக்குள் முழுமையாக உருவானது. ஒன்று 22 இன்ச் பிரேம், மற்றது 24. உயரமானதில் டபுள் பார். இரண்டுக்கும் இடையே உயரத்தில் ஐந்து சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தது. சக்கரங்கள் மட்டும் அச்சு அசலாக ஒன்றே. ஒரே 28 இன்ச் டயர், ஒரே ரிம்.

நம்மில் பலர் நினைப்பது, சின்ன பிரேம் என்றால் பெரிய பிரேமைச் சுருக்கியது என்று. சட்டை தைப்பவர் அளவைக் குறைத்துத் தைப்பதுபோல. சைக்கிளில் அப்படி நடப்பதில்லை. ஆள் மாறுகிறார், பிரேம் மாறுகிறது, சக்கரம் மட்டும் மாறாமல் நிற்கிறது. மாறாத அந்த வட்டத்தைச் சுற்றி மற்ற எல்லாமே வளைந்து கொடுக்க வேண்டியிருக்கிறது. ஒரு பழைய ஸ்டீல் சைக்கிள் ஒருவருக்கு இதமாகவும் இன்னொருவருக்கு முரண்டாகவும் இருப்பதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஒரு காலத்தில் நிலைமை தலைகீழாக இருந்தது. 1870களிலும் 80களிலும் ஓடிய, முன்சக்கரம் ஆளுயரம் இருக்கும் வண்டிகளில் பெடல் நேரடியாக அந்தச் சக்கரத்திலேயே இருந்தது. ஆகவே வாங்குபவரின் கால் நீளத்துக்கேற்பச் சக்கரத்தையே தேர்ந்தெடுத்தார்கள். நீண்ட காலுக்குப் பெரிய சக்கரம், குட்டைக் காலுக்குச் சிறியது. 1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி ரோவர் வண்டியைக் கொண்டுவந்தார். செயின் வழியாகப் பின்சக்கரம் ஓடியதால், கால் நீளத்துக்கும் சக்கரத்துக்கும் இருந்த உறவு அறுந்தது. சில ஆண்டுகளிலேயே முக்கோணங்கள் இரண்டு சேர்ந்த இன்றைய பிரேம் வடிவம் நிலைபெற்றது. டயர், ரிம் செய்யும் தொழிற்சாலைகளுக்கு ஒரே அளவு போதும் என்பது பெரிய வசதி. ஆளின் உயரத்துக்கு ஈடுகொடுக்கும் பொறுப்பு அன்றிலிருந்து முழுக்கப் பிரேமின் தலையில் விழுந்தது.

முதலில் அந்த 22, 24 என்ற எண் எதைச் சொல்கிறது என்று பார்ப்போம். பெடல் சுற்றும் அச்சின் மையத்திலிருந்து சீட் பைப்பின் உச்சி வரையிலான நீளம், அவ்வளவுதான். சில நாட்டுக் கைவினைஞர்கள் உச்சிவரை அளக்காமல், மேல் பாரின் மையம் வரை மட்டும் அளந்தார்கள். அதனால் ஒரே பிரேமுக்கு ஒருவர் 56 என்பார், இன்னொருவர் 54.5 என்பார். பழைய வண்டி வாங்குபவர்கள் முதலில் ஏமாறுவது இங்கேதான். அதைவிடப் பெரிய விஷயம், அந்த எண் மேல் பாரின் நீளத்தையோ சீட் பைப் சாய்ந்திருக்கும் கோணத்தையோ ஹேண்டிலைத் தாங்கும் ஹெட் பைப்பின் கோணத்தையோ சொல்வதில்லை. வண்டியின் குணம் முழுவதும் அந்தச் சொல்லப்படாத அளவுகளில்தான் இருக்கிறது.

நம் ஊர்க் கறுப்பு வண்டியிலிருந்தே தொடங்கலாம். ஆங்கிலேயர் காலத்து ரோட்ஸ்டர் வண்டியின் நேர் வாரிசு அது. சீட் பைப்பும் ஹெட் பைப்பும் தரையோடு ஏறக்குறைய 66 முதல் 68 டிகிரிக்குள் சாய்ந்திருக்கும். முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க் நீண்டு வளைந்திருக்கும். இரண்டு சக்கர மையங்களுக்கு இடையிலான தூரம் ஒரு மீட்டரை நன்றாகவே தாண்டும். குண்டும் குழியுமான சாலையில், பின் கேரியரில் மூட்டையோடு, நிமிர்ந்து உட்கார்ந்து மிதிப்பதற்காகப் பிறந்த வடிவம் இது. 22 இன்ச் என்பது 56 சென்டிமீட்டர். 68 டிகிரிச் சாய்வில் அதன் செங்குத்து உயரம் சுமார் 52. பெடல் அச்சு தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். ஆக மேல் பார் 82 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கிறது. 24 இன்ச் வண்டியில் அதே கணக்கு 86ஐத் தாண்டும்.

இப்போது என் காலைக் கவட்டிலிருந்து தரை வரை அளந்தேன். 74 சென்டிமீட்டர். 22 இன்ச் வண்டியிலேயே பாரின் இருபுறமும் இரண்டு பாதங்களையும் ஊன்றி என்னால் நிற்க முடியாது. என் தந்தை ஓட்டியது 24. அவரும் என் உயரம்தான். அவர் எப்படி ஏறுவார் என்பது இன்னும் கண்ணில் நிற்கிறது. இடது காலைப் பெடலில் வைத்து, வலது காலால் தரையைத் தத்தித் தத்தி உந்தி, வண்டி ஓடத் தொடங்கியதும் வலது காலைப் பின்னால் வீசிச் சீட்டில் அமர்வார். இறங்கும்போதும் அதே வரிசை தலைகீழாக. ஊரே அப்படித்தான் ஏறியது, இறங்கியது. அதை ஒரு பழக்கம் என்றே நினைத்திருந்தேன். காலைவிட உயரமான பாரோடு ஒரு சமூகம் செய்துகொண்ட சமரசம் அது என்று இப்போது புரிகிறது.

குரங்குப் பெடலும் அதே கதைதான். பாருக்கு மேலே ஏற முடியாத பிள்ளைகள், பிரேமின் முக்கோணத்துக்குள் ஒரு காலை நுழைத்து, உடம்பு ஒருபக்கமாகத் தொங்க, பாதி பாதியாக மிதித்துக் கற்றுக்கொண்டார்கள். ராசி அழகப்பனின் சிறுகதையைத் தழுவி 2024இல் வந்த திரைப்படம் அந்தப் பெயரையே தாங்கியது. அந்தப் படத்தைப் பார்த்து நெகிழ்ந்தவர்கள் ஒன்றை யோசிக்கலாம்: உலகத்தில் வேறெந்த வாகனத்தையும் அதன் சட்டத்துக்குள் நுழைந்து ஓட்டக் கற்றுக்கொள்வதில்லை.

சீட் உயரம் இன்னொரு கணக்கு. அமெரிக்கப் பந்தய வீரர் கிரெக் லெமாண்டின் பெயரோடு பரவிய ஒரு வாய்ப்பாடு உண்டு. கால் நீளத்தை 0.883ஆல் பெருக்கினால் பெடல் அச்சிலிருந்து சீட் இருக்க வேண்டிய உயரம் கிடைக்கும். பிரேம் அளவு கால் நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. என் 74 சென்டிமீட்டருக்குச் சீட் 65இல் இருக்க வேண்டும், பிரேம் 49 அல்லது 50 போதும். 24 இன்ச் என்பது 61 சென்டிமீட்டர். அதன் மேல் சீட்டும் அதன் பிடியும் ஸ்பிரிங்குமாகக் குறைந்தது எட்டு சென்டிமீட்டர். அடிமட்டம் வரை இறக்கினாலும் 69. ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இடமும் வலமும் சரிந்து காலுக்கு எட்டாத அந்த நான்கு சென்டிமீட்டரைத் தேடும். தெருவில் வண்டி மிதிப்பவர்களைப் பின்னாலிருந்து பார்த்தால் தெரியும் அந்த ஆட்டம், அலட்சியம் அல்ல. அது பிரேம் அளவு. 22இல் 56உடன் எட்டு சேர்த்தால் 64. எனக்கு இது எப்படியோ சரிக்கட்டிவிடும். என்னைவிடக் குட்டையானவருக்கு அதுவும் எட்டாது.

பந்தய வண்டிகளின் கதை இன்னும் நுட்பமானது. ஐரோப்பாவில் நல்ல ஸ்டீல் பிரேம்கள் 49 முதல் 64 சென்டிமீட்டர் வரை, பல இடங்களில் ஒவ்வொரு சென்டிமீட்டர் இடைவெளியிலும் கிடைத்தன. எல்லா அளவுக்கும் சக்கரம் ஒன்றே, 622 மில்லிமீட்டர் ரிம். இங்கிலாந்தில் 27 இன்ச் என்று விற்றது அதைவிட எட்டு மில்லிமீட்டர் பெரியது. நடுத்தர அளவில், 55, 56 என்ற இடத்தில், எல்லாம் இயல்பாகப் பொருந்தும். சீட் பைப் 73, ஹெட் பைப் 73, மேல் பாரும் சீட் பைப்பும் கிட்டத்தட்ட ஒரே நீளம். வடிவமைப்பாளர் மனத்தில் முதலில் வரைவது இந்த அளவைத்தான். இதிலிருந்து கீழே இறங்கும்போதும் மேலே ஏறும்போதும்தான் சோதனை.

கீழே இறங்கினால் என்ன ஆகிறது? ஆள் குட்டை, கையும் உடம்பும் நீளம் குறைவு, ஆகவே மேல் பார் குறைய வேண்டும். மேல் பார் குறைந்தால் முன்சக்கரம் பெடலை நோக்கி நெருங்கி வரும். பெடலைத் தாங்கும் கிராங்க் 17 சென்டிமீட்டர், அதற்கு முன்னே நீளும் ஷூ இன்னொரு பத்து. பெடல் முன்னால் வரும்போது பாதத்தின் நுனி அச்சிலிருந்து 27 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. சக்கரத்தின் ஆரம் 34. பெடல் அச்சுக்கும் முன்சக்கர மையத்துக்கும் இடையே 61 இல்லாவிட்டால், ஹேண்டிலைத் திருப்பும்போது கால்விரல் டயரில் உரசும். பந்தய வண்டிகளில் அந்த இடைவெளி 58, 59தான். வேகமாகப் போகும்போது ஹேண்டிலை அவ்வளவு திருப்புவதே இல்லை என்பதால் அது பொருட்டல்ல. ஆனைகட்டி ஏற்றத்தின் வளைவில், மூச்சு வாங்க மெதுவாக மிதித்துத் திருப்பும்போது பொருட்டுதான். ஒரு சின்ன பந்தய வண்டியை இரவல் வாங்கி அந்தச் சாலையில் ஏறிய நாளில் ஷூவின் நுனி டயரில் பட்டு, நான் சாலையோர மண்ணில் விழுந்தேன். அடி பெரிதில்லை. எதனால் விழுந்தேன் என்று அன்று தெரியவில்லை.

சின்ன பிரேம் செய்பவர்கள் இந்த இடைஞ்சலிலிருந்து தப்ப இரண்டு வழிகளைப் பிடித்தார்கள். ஹெட் பைப்பை 71, 72 என்று சாய்த்து முன்சக்கரத்தை முன்னே தள்ளினார்கள். சீட் பைப்பை 74, 75 என்று நிமிர்த்தி, மேல் பார் குறைந்ததுபோல் காட்டினார்கள். இரண்டுக்கும் விலை உண்டு.

ஹெட் பைப் சாய்ந்தால் திருப்பும் குணம் மாறும். ஹெட் பைப்பின் கோட்டை நேராகத் தரைவரை நீட்டிப் பாருங்கள். டயர் தரையைத் தொடும் புள்ளி அந்தக் கோட்டுக்குப் பின்னால் விழும். அந்த இடைவெளிக்கு டிரெயில் என்று பெயர். தள்ளுவண்டியின் சுழலும் சக்கரம் தன்னால் நேராவதுபோல், முன்சக்கரத்தை நேராக்க முயல்வது அதுதான். ஃபோர்க்கின் முன்வளைவு அதிகமானால் டிரெயில் குறையும், ஹெட் பைப் சாய்ந்தால் கூடும். ஆரம் 340 மில்லிமீட்டர், ஃபோர்க் வளைவு 45 என்று வைத்துக்கொண்டால், 73 டிகிரியில் டிரெயில் 57 மில்லிமீட்டர். 71இல் அது 69 ஆகிறது. பெரிய பிரேம்களில் வரும் 74இல் 51. ஒரே ஃபோர்க்கை எல்லா அளவுக்கும் போட்டால், குட்டையானவரின் வண்டி மெதுவாகப் போகும்போது ஹேண்டில் கனத்துத் தானாகச் சாயும், நெட்டையானவரின் வண்டி லேசாகத் துள்ளும். ஒரே பெயரில் விற்ற ஒரே வண்டிதான் இரண்டும். இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது. 71 டிகிரிக்கு 57 மில்லிமீட்டர் வளைவுள்ள ஃபோர்க் போட்டால் டிரெயில் பழைய இடத்துக்கே வரும். அளவெடுத்துச் செய்த கைவினைஞர்கள் அப்படிச் செய்தார்கள். கட்டுக்கட்டாக ஃபோர்க் வாங்கி வைத்த தொழிற்சாலைகளுக்கு அந்தப் பொறுமை இருக்கவில்லை.

டிரெயில் ஒன்றே எல்லாம் என்று சொல்லிவிடவும் முடியாது. டேவிட் ஜோன்ஸ் 1970இல் ஃபிசிக்ஸ் டுடே இதழில் எழுதிய கட்டுரை, ஓட்ட முடியாத சைக்கிளைச் செய்ய முயன்று முயன்று, கடைசியில் டிரெயிலின் முக்கியத்துவத்தை நிலைநாட்டியது. நாற்பது ஆண்டுகள் அதுவே வேதமாக இருந்தது. 2011இல் ஆண்டி ரூய்னா, ஜிம் பாபடோபுலஸ் உள்ளிட்ட ஐவர் குழு, டிரெயிலும் இல்லாமல் சக்கரம் சுழல்வதால் வரும் விசையும் இல்லாமல் தன்னால் நிமிர்ந்து ஓடும் ஒரு வண்டியைச் செய்து சயன்ஸ் இதழில் காட்டியது. எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. பாரிசில் ரெனே எர்ஸ் போன்ற கைவினைஞர்கள் முன்பக்கம் பை வைத்து ஓட்டும் நெடுந்தூர வண்டிகளுக்குக் குறைந்த டிரெயில் வைத்ததும், பின் கேரியரில் பால்கேன் கட்டும் நம் வண்டிக்கு ஹெட் பைப் சாய்ந்திருப்பதும் ஒரே கேள்விக்கு வந்த வெவ்வேறு பதில்கள்.

இரண்டாவது தந்திரம்தான் எனக்கு அதிகக் கோபம் தருவது. சீட் பைப்பை நிமிர்த்தினால் காகிதத்தில் மேல் பார் குறைகிறது, உட்காருபவருக்கு ஒன்றும் குறைவதில்லை. எடுத்துக்காட்டாக, ஒரு 52 பிரேம்: சீட் பைப் 75 டிகிரி, மேல் பார் 53. இன்னொரு 54 பிரேம்: சீட் பைப் 73, மேல் பார் 54. சின்னது ஒரு சென்டிமீட்டர் குட்டை என்று தோன்றும். ஆனால் காலுக்கும் பெடலுக்கும் உள்ள உறவு கெடாமல் இருக்க, முதல் வண்டியில் சீட்டைப் பின்னுக்குத் தள்ளியாக வேண்டும். 65 சென்டிமீட்டர் சீட் உயரத்தில் இரண்டு டிகிரி என்பது 2.2 சென்டிமீட்டர். அதைச் சேர்த்தால் சின்ன பிரேமின் உண்மையான நீளம் 55.2. பெரியதைவிடச் சின்னது நீளம்! தோளும் கழுத்தும் வலிக்கிறது என்று சொன்ன எத்தனையோ குட்டையான ஓட்டுநர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, உடற்பயிற்சி போதாது என்றே பதில் கிடைத்திருக்கிறது. பழைய வண்டிகளை ஒப்பிடும்போது மேல் பார் நீளத்தை மட்டும் கேட்காதீர்கள். சீட் பைப்பின் கோணத்தோடு சேர்த்துக் கேளுங்கள்.

மேலே ஏறும் திசையில் சிக்கல் வேறு மாதிரி. நெட்டையானவரின் தொடையெலும்பு நீளம், ஆகவே அவர் பின்னால் தள்ளி உட்கார வேண்டும். சீட் பைப்பை 72க்கு இறக்கிச் செய்த பெரிய பிரேம்கள் இதைக் கவனித்துச் செய்தவை, அது நியாயமான மாற்றம். ஆனால் கோணம் மாறாவிட்டாலும் நீளத்தாலேயே அவர் பின்னே போய்விடுகிறார். 73 டிகிரியில் சீட் 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் அது பெடல் அச்சுக்கு 19 சென்டிமீட்டர் பின்னால் இருக்கும். 80 உயரத்தில் 23க்கும் மேல். பின்சக்கரத்தின் மையமோ எல்லா அளவிலும் அச்சிலிருந்து அதே 41 சென்டிமீட்டரில். நெட்டையானவரின் பாரம் பின்சக்கரத்தின் மேல் குவிகிறது. செங்குத்தான ஏற்றத்தில் முன்சக்கரம் லேசாகி அலைபாயும். அச்சிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் பின்பைப்புகளையும் அளவோடு நீட்டியிருக்க வேண்டும். மிகச் சிலரே செய்தார்கள். நம் ரோட்ஸ்டரில் பின்பைப்பு இயல்பிலேயே நீளம் என்பதால் இந்தக் குறை அவ்வளவு தெரிவதில்லை.

பைப்பின் தடிமன் இன்னொரு விஷயம். ஆங்கில அளவுப்படி மேல் பார் 25.4 மில்லிமீட்டர் குறுக்களவு, சீட் பைப்பும் கீழ் பைப்பும் 28.6. 50 அளவு பிரேமுக்கும் 62க்கும் அதே குழாய். குழாய் நீண்டால் வளையும். எந்த ஸ்டீல் என்பது இதில் உதவாது. 1935இல் வந்த ரெனால்ட்ஸ் 531 ஸ்டீல் ஆகட்டும், நம் ஊர்ச் சாதாரண இரும்பு ஆகட்டும், வளைந்து கொடுக்கும் இயல்பு கிட்டத்தட்ட ஒன்றே. நல்ல ஸ்டீல் உடையாமல் தாங்கும், அதனால் சுவரை மெல்லியதாக்கி எடையைக் குறைக்கலாம், அவ்வளவுதான். இத்தாலியின் கொலம்பஸ் நிறுவனம் எஸ்.எல். என்றும் எஸ்.பி. என்றும் இரண்டு வகை குழாய்களைக் கொடுத்ததற்கு இதுவே காரணம். எஸ்.பி.யின் சுவர் கொஞ்சம் தடிமன், பெரிய பிரேமுக்கும் கனத்த ஆளுக்கும் உரியது. ஆனைகட்டியில் பார்த்த 24 இன்ச் வண்டியின் டபுள் பாருக்கும் இங்கேதான் வேர். பிரேம் உயர்ந்தால் ஹெட் பைப் நீளும், நாற்கரம் பெரிதாகி முறுகும். நடுவே இன்னொரு பார் போட்டால் அது அடங்கும். மூட்டை ஏற்றுபவர்கள் அதைப் பலத்துக்கு என்றே வாங்கினார்கள்.

இத்தனை தெரிந்தும் பல பெரிய தொழிற்சாலைகள் ஏன் எல்லா அளவுக்கும் ஒரே கோணத்தை வைத்தன? பதில் மூட்டில் இருக்கிறது. பைப்புகள் சேரும் இடத்தில் லக் என்ற உறையை மாட்டிப் பித்தளை உருக்கி ஊற்றி ஒட்டுவார்கள். அந்த உறைக்குள் கோணம் முன்கூட்டியே அடங்கியிருக்கிறது. தகட்டை அழுத்திச் செய்த பழைய லக்கைச் சுத்தியால் தட்டி ஒன்றிரண்டு டிகிரி மாற்றலாம். பின்னாளில் வந்த வார்ப்பு லக்குகள் அழகானவை, துல்லியமானவை, வளையாதவை. ஆயிரக்கணக்கில் ஒரே லக்கை வாங்கியவருக்குச் சீட் பைப்பை நீளமாகவோ குட்டையாகவோ அறுப்பது ஒன்றே சுலபமான மாற்றம்.

நம் நாட்டில் நடந்தது இதன் உச்சம். 1949இல் முருகப்பா குழுமம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்ற ஆங்கிலப் பெயர்கள் நம் வீட்டுப் பெயர்களானது அப்படித்தான். 1951இல் சோனிபட்டில் அட்லஸ், 1956இல் லூதியானாவில் ஹீரோ. ஆசன்சோலில் சென்-ராலே. இவை கோடிக்கணக்கான மனிதர்களுக்கு முதல் வாகனத்தைக் கொடுத்தன, அந்தப் பெருமையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஆங்கில ரோட்ஸ்டரின் அளவுகளை ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஆண்களுக்குப் பெரும்பாலும் 22, 24. அந்த அளவுகள் எந்த உடலை மனத்தில் வைத்து வரையப்பட்டனவோ, அந்த உடல் நம்முடையது அல்ல.

புதுக்கோட்டையில் இது வெட்டவெளிச்சமானது. 1991இல் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தின் பகுதியாகக் கிராமத்துப் பெண்கள் பல்லாயிரம் பேர் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். பெண்களுக்கான வண்டிகள் போதவில்லை. கிடைத்த ஆண்கள் வண்டியிலேயே புடவையோடு ஏறினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அங்கே போய் எழுதியபோது, சிலர் ஆண்கள் வண்டியையே விரும்பியதையும் பதிவு செய்தார். சீட்டிலிருந்து ஹேண்டில் வரை போகும் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாமே! 150 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணுக்குக் கால் நீளம் தோராயமாக 68, 69. அவருக்குச் சீட் 60இல் வேண்டும். 22 இன்ச் வண்டியில் மிகத் தாழ்ந்த சீட் 64. பார் நிற்பதோ 82இல். அந்தப் பெண்கள் எட்டிப் பிடித்தது எவ்வளவு உயரம் என்பதை இந்த எண்கள் எனக்குச் சொல்கின்றன.

லேடீஸ் சைக்கிள் பாரின் உயரத்தைத் தீர்த்தது, மற்றவற்றைத் தீர்க்கவில்லை. மேல் பாரைக் கீழே வளைத்தவுடன் முக்கோணம் போய்விடுகிறது. பலத்துக்காக இரும்பைக் கூட்ட, வண்டி கனக்கிறது. பெரிய சக்கரத்தோடு வரும்போது ஹேண்டிலும் உயரத்திலேயே நிற்கிறது.

உண்மையான விடை வாடகை சைக்கிள் கடையில் இருந்தது. கால் வண்டி, அரை வண்டி, முக்கால் வண்டி என்று வரிசையாக நிற்கும். மணிக்கு இவ்வளவு. அவற்றில் பிரேமோடு சக்கரமும் சேர்ந்து சிறுத்திருக்கும். அதனால்தான் முக்கால் வண்டியில் ஏறிய பிள்ளைக்குக் குரங்குப் பெடல் தேவைப்படவில்லை, விரலும் உரசவில்லை. ஜார்ஜினா டெர்ரி என்ற அமெரிக்கப் பொறியாளர் 1985இல் தன் பெயரில் நிறுவனம் தொடங்கி, குட்டையான பெண்களுக்கு முன்சக்கரத்தை மட்டும் 24 இன்ச்சாக்கிய ஸ்டீல் வண்டிகளை விற்றார். ஹெட் பைப்பைச் சாய்க்கவும் வேண்டாம், சீட் பைப்பை நிமிர்த்தவும் வேண்டாம், மேல் பார் உண்மையாகவே குட்டை. சின்ன பிரேமுக்கு வந்த விடைகளிலேயே நேர்மையானது அது என்பது என் முடிவு. 1990களின் பிற்பகுதியில் மைக் பர்ரோஸ் என்ற வடிவமைப்பாளர் ஜெயண்ட் சைக்கிள் நிறுவனத்துக்காகச் சாய்ந்த மேல் பாரை வடிவமைத்தபோது காலுக்கு இடம் கிடைத்தது. சக்கரம் அப்போதும் மாறவில்லை, விரல் அப்போதும் உரசியது.

பழைய வண்டி ஒன்றை வாங்கப் போகிறவர்கள் ஒரு தூக்குக்குண்டும் டேப்பும் கொண்டு போகலாம். வண்டியைச் சமதளத்தில் நேராக நிறுத்திச் சீட் பைப்பின் உச்சியிலிருந்து குண்டைத் தொங்கவிட்டு, அது பெடல் அச்சுக்கு எவ்வளவு பின்னால் விழுகிறது என்று அளந்தால், பைப்பின் நீளத்தோடு சேர்த்துக் கோணம் தெரிந்துவிடும். பெடல் அச்சிலிருந்து முன்சக்கர மையம் வரை அளந்தால் விரல் உரசுமா என்பது தெரியும். ஃபோனில் கோணம் காட்டும் வசதி இருந்தால் ஹெட் பைப்பில் வைத்துப் பாருங்கள். ஃபோர்க் பின்னோக்கி வளைந்திருந்தால், முன்பு எங்கோ மோதிய வண்டி அது. பிறகு எந்தக் கோணக் கணக்கும் செல்லாது. சீட் பைப்பில் ஒட்டியிருக்கும் எண்ணைக் கடைசியாகப் பாருங்கள்.

இன்றும் அளவுப் பிரச்சினை தீரவில்லை. தமிழ்நாட்டில் 2001இல் பட்டியலின, பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கிப் பின்னர் மற்ற மாணவர்களுக்கும் விரிந்த இலவச சைக்கிள் திட்டத்தில், மாணவருக்கு ஒரு மாதிரி, மாணவிக்கு ஒரு மாதிரி வண்டி வருகிறது. ஒரே வகுப்பில் 145 சென்டிமீட்டர் பிள்ளையும் 175 சென்டிமீட்டர் பிள்ளையும் இருப்பார்கள். ஆனைகட்டி போன்ற மலையோர ஊர்களில் அந்த வண்டி பள்ளிக்கு மட்டுமல்ல, ஏற்றத்தில் தண்ணீருக்கும் ரேஷனுக்கும் போகும். கொள்முதல் ஒப்பந்தத்தில் 24 இன்ச் சக்கரத்தில் ஒரு சிறிய அளவையும் சேர்க்கச் சொன்னால் போதும். வகுப்பாசிரியர் ஜூன் மாதத்தில் ஒவ்வொரு பிள்ளையின் உயரத்தையும் அளந்து எழுதி வைக்கலாம். அதிலிருந்தே எத்தனை வண்டி எந்த அளவில் வேண்டும் என்று சொல்லிவிடலாம்.